கோழிக்கூட்டத்தில் ஓர் ஒழுங்கைக் கண்ட சிறுவன்

மாலை ஐந்து மணி ஆனதும் காப்பார் வட்டாரக் கம்பங்களிலும் தோட்டப்புற வீடுகளிலும் ஒரு காட்சியைக் காணலாம். பாட்டி ஒருவர் தட்டில் நொய்யரிசியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வருவார். அவருடைய குரல் கேட்டதும் செம்பனை மர நிழலிலும் வாழைமரங்களுக்கு அடியிலும் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஓடி வரும். நொய்யரிசி தரையில் விழுந்த அடுத்த நொடியில் அந்த இடமே பரபரப்பாகிவிடும்.

சற்றுப் பொறுமையாகக் கவனித்தால் அந்தப் பரபரப்பிற்குள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரியவரும். கறுப்புப் பெட்டை நடுவில் நின்று தின்னும். சிவப்புப் பெட்டை அருகில் வந்தாலும், கறுப்புப் பெட்டை தலையைத் தூக்கியவுடன் பின்வாங்கிவிடும். அதே சிவப்புப் பெட்டை, புள்ளிப் பெட்டையைக் கண்டால் ஒரு கொத்து கொத்தி விரட்டிவிடும். இளைத்த வெள்ளைப் பெட்டையோ எல்லாரும் தின்று முடிக்கும்வரை ஓரத்தில் காத்திருக்கும். மறுநாள் மாலையிலும் இதே நிலைதான். பெரும்பாலும் சண்டையே நடப்பதில்லை. யார் முன்னால் நிற்பது, யார் விலகுவது என்பதை அவை முன்பே முடிவு செய்துகொண்டவை போல நடந்துகொள்ளும்.

கோழி வளர்க்கும் மக்கள் இதைப் பன்னெடுங்காலமாகப் பார்த்து வந்திருக்கின்றனர். ஆயினும், எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று நாள்தோறும் எழுதி வைத்து, அதிலிருந்து ஓர் அறிவியல் உண்மையைக் கண்டெடுத்தவர் நார்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எபே. அந்தப் பணியை அவர் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய பத்து வயது.

பிறப்பும் இளமையும்

ஷெல்டெருப்-எபே 1894-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் நார்வேயின் தலைநகரில் பிறந்தார். இன்று ஓஸ்லோ எனப்படும் அந்நகரம் அப்போது கிறிஸ்டியானியா என்று அழைக்கப்பட்டது. அவருடைய தந்தை ஆக்செல் எபே, தாயார் மெங்கா ஷெல்டெருப் ஆகிய இருவரும் சிற்பிகள். தந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் சேர்த்தே மகனின் குடும்பப் பெயர் அமைந்தது. படிப்பதற்கு எளிதாக, இப்பகுதியில் அவரை எபே என்றே குறிப்பிடுவோம்.

சிற்பியின் பிள்ளைக்கு உருவங்களைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் வீட்டிலேயே வாய்த்திருக்கும். மற்றவர்கள் கண்ணுக்குக் கோழிகள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றலாம். எபேவுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றின் கொண்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மற்றொன்றின் கழுத்தில் நிறம் சற்று மாறியிருக்கும். வேறொன்று நடக்கும் விதமே தனியாக இருக்கும். இவ்வாறு ஒவ்வொரு கோழியையும் தனித்தனியே அடையாளம் காண அவர் சிறு வயதிலேயே பழகிக்கொண்டார். கோழிகள்மீது அவருக்கு ஏற்பட்ட ஈடுபாட்டைப் பெற்றோர் தடுக்கவில்லை. அவர் தமக்கெனச் சொந்தமாகக் கோழிகளை வளர்க்கவும் வழி பிறந்தது.

அவருடைய வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் அடித்தளமாக அமைந்தது இந்தத் திறன்தான். ஒரு கூட்டத்தைக் கூட்டமாக மட்டும் பார்ப்பவரால் அதற்குள் நடப்பதை அறிய இயலாது. கூட்டத்தில் உள்ள ஒவ்வோர் உயிரையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரிந்தால்தான் எது எதனிடம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வியையே எழுப்ப முடியும்.

குறிப்பேட்டில் பதிந்த கணக்கு

எபே செய்த வேலையை நாமும் செய்து பார்க்கலாம். ஒரு கூட்டத்தில் பத்துக் கோழிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் மொத்தம் 45 இணைகள் கிடைக்கும். கோழிகள் இருபதாக உயர்ந்தால் இணைகளின் எண்ணிக்கை 190 ஆகிவிடும். ஒவ்வோர் இணையிலும் எது கொத்துகிறது, எது விலகுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஒருமுறை பார்த்து முடிவுக்கு வருவதும் சரியாகாது. தீனி வைக்கும் இடத்திலும் முட்டையிடும் கூட்டிலும் இரவில் உறங்க ஏறும் கழியிலும் மண்ணில் புரண்டு இறகைத் தூய்மைப்படுத்தும் இடத்திலும் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும்.

பள்ளிச் சிறுவனாக இருந்த எபே இத்தகைய பதிவுகளைத் தம் குறிப்பேட்டில் எழுதிவந்தார். அதற்குக் கருவிகளோ ஆய்வுக்கூடமோ பெரும் பணமோ தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை பொறுமையும், பார்த்ததை அன்றே எழுதும் ஒழுக்கமும்தான். விருப்பமான கோழி தோற்றாலும் தோற்றதாகவே எழுதும் நேர்மையும் வேண்டியிருந்தது.

1913-ஆம் ஆண்டில், கோழிகள் எழுப்பும் ஒலிகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒன்று நார்வே நாட்டின் அறிவியல் இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சிறு வயது முதல் சேர்த்து வைத்த பதிவுகளையும் புதிய பதிவுகளையும் ஆராய்ந்தார். 1921-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தில் கோழியின் அன்றாட வாழ்வைப் பற்றிய ஆய்வேட்டை அளித்தார். 1922-ஆம் ஆண்டில் ஜெர்மானிய உளவியல் இதழ் ஒன்றில், வீட்டுக்கோழிகளின் சமூக வாழ்க்கை குறித்த அவருடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. விலங்கியல் வரலாற்றில் அவருக்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்த கட்டுரை அதுவே.

கொத்தும் வரிசை

எபே கண்டறிந்த உண்மை இன்று கொத்தும் வரிசை என்று அழைக்கப்படுகிறது. இரண்டு கோழிகள் முதன்முதலாகச் சந்திக்கும்போது அவற்றுக்கிடையே ஒரு முடிவு ஏற்படுகிறது. சில வேளைகளில் அது சண்டையால் முடிவாகும். சில வேளைகளில் ஒன்று சண்டையிடாமலே பணிந்துவிடும். அந்த முடிவை இரண்டு கோழிகளும் நினைவில் வைத்துக்கொள்கின்றன. அதன் பிறகு அவை சந்திக்கும்போதெல்லாம் வென்ற கோழி கொத்தலாம். தோற்ற கோழி திருப்பிக் கொத்தாது. ஓர் அடி எடுத்து வைப்பதும் தலையை உயர்த்துவதுமே பல வேளைகளில் போதுமானவையாக இருக்கும்.

இவ்வாறு ஒவ்வோர் இணைக்கும் இடையே ஏற்பட்ட முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, கூட்டம் முழுவதற்கும் உரிய ஒரு வரிசை எபேவுக்குப் புலப்பட்டது. முதல் நிலையில் உள்ள கோழி மற்ற எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாம் கோழி, முதல் கோழியைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். கடைசிக் கோழியை எல்லாக் கோழிகளும் கொத்தும். அது எதையும் கொத்தாது. விலங்குக் கூட்டங்களில் காணப்படும் இத்தகைய அமைப்பை அறிவியலாளர்கள் ஆதிக்கப் படிநிலை என்று குறிப்பிடுகின்றனர்.

எபேவின் பதிவுகளில் இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. வரிசை எப்போதும் ஏணிப்படிபோல நேராக அமைவதில்லை. சில கூட்டங்களில் முதல் கோழி இரண்டாம் கோழியைக் கொத்தியது. இரண்டாம் கோழி மூன்றாம் கோழியைக் கொத்தியது. அந்த மூன்றாம் கோழியோ முதல் கோழியைக் கொத்தியது! வலிமை மிக்கதுதான் எப்போதும் வெல்லும் என்றால் இப்படி ஒரு முக்கோணம் அமைய முடியாது. முதன்முதலாகச் சந்தித்த நாளில் ஒரு கோழி நோயுற்றிருக்கலாம். அல்லது புதிய இடத்திற்கு வந்த அச்சத்தில் இருந்திருக்கலாம். அன்று அது பணிந்துவிட்டால், பின்னர் உடல் தேறிய பிறகும் அந்த எதிரியிடம் பணிந்தே போகும். ஆகவே, ஒரு கோழியின் தரநிலை அதன் உடல் வலிமையை மட்டும் பொறுத்ததன்று. அது சந்தித்த சூழலையும், அந்தச் சந்திப்பின் நினைவையும் பொறுத்தது.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை என்பது நம் பழமொழி. தாய்க்கோழி தன் குஞ்சைக் காயப்படுத்தாது என்பது உண்மையே. ஆனால், அதே குஞ்சுகள் வளர்ந்து, தங்களுக்குள் மோதிப் பார்க்கத் தொடங்கும்போது, அவற்றிடையேயும் ஒரு வரிசை உருவாகிவிடுகிறது.

வரிசையால் என்ன பயன்?

கொத்துவது கொடுமை, அப்படியிருக்க, இந்த அமைப்பு ஏன் நிலைத்திருக்கிறது என்ற கேள்வி எழலாம். எபேவுக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினர். அமெரிக்க ஆய்வாளர்களான ஏ. எம். கூல், டபிள்யூ. சி. ஆலி ஆகிய இருவரும் 1944-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. சில கூட்டங்களில் அவர்கள் கோழிகளை மாற்றாமல் ஒன்றாகவே வைத்திருந்தனர். மற்றக் கூட்டங்களில் அடிக்கடி ஒரு கோழியை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்த்தனர். அடிக்கடி மாற்றப்பட்ட கூட்டங்களில் கொத்துச் சண்டை மிகுந்தது. கோழிகள் குறைவாகத் தின்றன. முட்டையும் குறைவாக இட்டன. மாற்றப்படாத கூட்டங்களில் அமைதி நிலவியது.

இதன் காரணம் எளிது. தன் இடம் எது என்று ஒவ்வொரு கோழிக்கும் தெரிந்துவிட்டால், ஒவ்வொரு வேளை தீனிக்கும் புதிதாகச் சண்டையிட வேண்டியதில்லை. சண்டை குறைந்தால் காயமும் குறையும்; ஆற்றலும் வீணாகாது. தாழ்ந்த நிலையில் உள்ள கோழிக்குக்கூட, தினமும் சண்டையிட்டு இரத்தம் சிந்துவதைவிடச் சற்றுக் காத்திருந்து தின்பது உயிர் பிழைக்க உதவும்.

நம் வீட்டுக்கோழியின் முன்னோர் சிவப்புக் காட்டுக்கோழிகள். அவை இன்றும் மலேசியக் காடுகளிலும் செம்பனைத் தோட்டங்களிலும் வாழ்கின்றன. அங்கே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. காட்டில் கொத்து வாங்கும் கோழிக்கு ஓடி ஒளியப் புதர் இருக்கிறது. நெருக்கடியான கூண்டில் அடைக்கப்பட்ட கோழிக்கு ஓட இடமில்லை. எனவேதான், கோழி வளர்ப்போர் பல இடங்களில் தீனித் தொட்டிகளை வைக்கின்றனர். ஒரே தொட்டி இருந்தால் முதல் நிலைக் கோழிகள் அதை மறித்துக்கொள்ளும்; பல தொட்டிகள் இருந்தால் கடைசிக் கோழிக்கும் வயிறு நிறையும். கொத்தும் வரிசையைப் புரிந்துகொண்டதால் கிடைத்த நடைமுறைப் பயன் இது.

அறிஞர் உலகில் நேர்ந்த இழப்பு

இளம் வயதில் எபேவுக்கு வழிகாட்டியாக விளங்கியவர் பேராசிரியர் கிறிஸ்டின் போன்னவி. 1912-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் முதல் பெண் பேராசிரியராக ஆனவர் அவர். பெண்களுக்கு உயர் பதவிகள் மறுக்கப்பட்ட காலத்தில் தம் அறிவாலும் உழைப்பாலும் உயர்ந்த விலங்கியல் அறிஞர். அத்தகையவரின் ஆதரவு எபேவுக்குப் பெரும் பேறாக இருந்தது.

அந்த ஆதரவு நீடிக்கவில்லை. பேராசிரியரை இழிவுபடுத்தும் வகையில் செய்தித்தாளில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அதை எழுதியவர் எபே என்று கருதப்பட்டது. அதை எழுதியவர் வேறொருவர் என்பது எபேவின் மகன் பிற்காலத்தில் தெரிவித்த செய்தி. எவ்வாறாயினும், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஏற்பட்ட அந்தப் பிளவு ஆறவில்லை. தாய்நாட்டின் பல்கலைக்கழகத்தில் எபே விரும்பிய இடம் அவருக்கு அமையவில்லை. அவருடைய முக்கியமான ஆய்வு ஜெர்மானிய மொழியில், ஜெர்மனியில்தான் வெளிவந்தது.

பறவைகளிடையே உயர்வு தாழ்வைக் கண்டறிந்தவர், மனிதரிடையே நிலவும் உயர்வு தாழ்வால் தாமே ஓரத்தில் நிற்க நேர்ந்தது. ஒரு சந்திப்பில் பணிந்த கோழி, பின்னர் எவ்வளவு தேறினாலும் தன் பழைய இடத்திலேயே நின்றுவிடும் என்று எழுதியவர் அவர். அவருக்கும் ஏறக்குறைய அதுவே நேர்ந்தது.

இருப்பினும், அவர் ஆய்வைக் கைவிடவில்லை. கோழிகளோடு நில்லாமல் வேறு பல பறவையினங்களையும் கவனித்து எழுதினார். அவருடைய கருத்துகள் கடல் கடந்து பரவின. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த சமூக உளவியல் கையேட்டில், பறவைகளின் சமூக நடத்தை குறித்த இயலை எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆலியும் அவருடைய மாணவர்களும் அவர் காட்டிய வழியில் பல ஆய்வுகளை நடத்தினர். தாய்நாட்டில் கிடைக்காத மதிப்பு அயல்நாடுகளில் கிடைத்தது.

எல்லை கடந்த முடிவு

பெரியோரின் வாழ்க்கையைப் படிக்கும்போது அவர்களின் சிறப்புகளோடு தவறுகளையும் அறிந்துகொள்வது நல்லது. எபே தம் கண்டுபிடிப்பின்மீது கொண்ட பற்றினால், அதை எல்லா இடங்களுக்கும் நீட்டிப் பார்த்தார். கோழிக்கூட்டத்தில் கண்ட ஆதிக்கமே உயிர் உலகம் முழுவதற்கும் அடிப்படை என்ற முடிவுக்கு அவர் சென்றார். அந்த முடிவுக்குப் போதிய சான்று இருக்கவில்லை.

அவர் கண்ட உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களும் பலர். கொத்தும் வரிசை என்ற சொல் அலுவலகங்களுக்கும் அரசியலுக்கும் பள்ளி வளாகங்களுக்கும் பரவியது. வலியவர் எளியவரை அடக்குவது இயற்கையின் சட்டம் என்று சிலர் வாதிடத் தொடங்கினர். இன்று சமூக ஊடகங்களில் ஆல்ஃபா ஆண் என்ற சொல் பெருமையோடு பயன்படுத்தப்படுவதை நாம் காண்கிறோம்.

அந்தச் சொல்லின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1947-ஆம் ஆண்டில், விலங்குக் காட்சிச் சாலையில் அடைக்கப்பட்ட ஓநாய்களை ஆராய்ந்த ருடோல்ஃப் ஷெங்கல் என்பவர், அவை தலைமைக்காகப் போராடுவதாக எழுதினார். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அக்கருத்தை உலகெங்கும் பரப்பியது. பின்னர், காட்டில் வாழும் ஓநாய்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த மெக், ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் பிள்ளைகளும் அடங்கிய ஒரு குடும்பமே என்பதைக் கண்டார். பெற்றோர் வழிநடத்துகின்றனர், பிள்ளைகள் பின்செல்கின்றனர், அவ்வளவுதான். 1999-ஆம் ஆண்டில் அவர் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தி எழுதினார். அறிவியலில் தவற்றைத் திருத்துவது தோல்வியன்று; அதுவும் ஆய்வின் ஒரு பகுதியே.

கோலசிலாங்கூர் குன்றில்

எபே தொடங்கிய கேள்வி நம் வட்டாரத்திற்கும் வந்து சேர்ந்தது. காப்பாரிலிருந்து கடலோரச் சாலையில் வடக்கே சென்றால் கோலசிலாங்கூரை அடையலாம். அங்குள்ள புக்கிட் மெலாவத்தி குன்றில் இருவகைக் குரங்குகள் வாழ்கின்றன. ஒன்று கெரா எனப்படும் நீள்வால் குரங்கு. மற்றொன்று சாம்பல் நிற உரோமம் கொண்ட லோத்தோங் குரங்கு. லோத்தோங்கின் குட்டி மட்டும் பொன்னிறமாகப் பிறக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் இர்வின் பெர்ன்ஸ்டீன் கோலசிலாங்கூரின் லோத்தோங் குரங்குகளைக் கவனித்து, 1968-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குரங்குகளின் சமூக வாழ்வை நெடுங்காலம் ஆராய்ந்த அவர், 1981-ஆம் ஆண்டில் ஆதிக்கம் என்ற கருத்தைப் பற்றியே ஒரு விவாதக் கட்டுரை எழுதினார். அக்கருத்தை முற்றாகத் தள்ளிவிடவும் கூடாது. விலங்குகள் செய்யும் எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகக் காட்டவும் கூடாது என்பது அவர் நிலைப்பாடு.

அந்தக் குன்றுக்குச் செல்வோர் இரண்டு இனங்களுக்கும் உள்ள வேறுபாட்டை எளிதில் உணரலாம். கெரா குரங்குகளிடையே தரநிலை தெளிவாகத் தெரியும். பெண் குரங்கின் நிலை பெரும்பாலும் அதன் தாயின் நிலையைப் பொறுத்தே அமைகிறது. வலிமை குறைந்த குட்டியாக இருந்தாலும், உயர்நிலைத் தாயின் மகளிடம் மற்றக் குரங்குகள் விலகிப் போகும். லோத்தோங் குரங்குகளோ அமைதியானவை. இலைகளை உண்டு, ஒன்றன் உரோமத்தை மற்றொன்று தூய்மை செய்தபடி கூட்டமாக அமர்ந்திருக்கும். பிறந்த குட்டியைத் தாய் மட்டுமின்றி மற்றப் பெண் குரங்குகளும் மாறி மாறித் தூக்கி வைத்துக்கொள்ளும். ஒரே குன்றில், ஒரே மரநிழலில் வாழும் இரு இனங்களே இவ்வளவு வேறுபடுமானால், உயிர் உலகம் முழுவதற்கும் ஒரே சட்டத்தை எழுத முடியாது என்பது விளங்கும்.

மேலும் ஒரு சோதனை எபேவின் முக்கோணப் புதிருக்கு வலுச் சேர்த்தது. 2002-ஆம் ஆண்டில் ஐவன் சேஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் மீன்களைச் சிறு குழுக்களாகத் தொட்டியில் விட்டு, அவற்றின் தரவரிசையைக் குறித்துக்கொண்டனர். பிறகு, பழைய நினைவு மறையும் அளவுக்கு அவற்றைத் தனித்தனியே பிரித்து வைத்தனர். மீண்டும் அதே மீன்களை ஒன்றுசேர்த்தபோது, பெரும்பாலான குழுக்களில் வேறு வரிசை உருவானது. மீன்கள் மாறவில்லை, அவற்றின் இடம் மாறிவிட்டது. முதல் நிலையில் இருக்கும் உயிர், அந்த இடத்திற்காகவே பிறந்தது என்று கூற இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

நிலைத்த புகழ்

எபே 1976-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், தம் 81-ஆம் வயதில் காலமானார். அதற்குள் கொத்தும் வரிசை என்ற சொல் உலகின் பல மொழிகளில் இடம்பெற்றுவிட்டது. விலங்குகளின் நடத்தையைப் படிக்கும் மாணவர் எவரும் இன்றும் அவருடைய பெயரைக் கடந்து செல்ல முடியாது. பதவியால் அவருக்குக் கிடைக்காத இடத்தைச் சிறு வயதில் எழுதத் தொடங்கிய ஒரு குறிப்பேடு பெற்றுத் தந்தது.

அவருடைய வாழ்க்கையிலிருந்து நாம் இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, அறிவியல் தொலைவில் உள்ள ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறப்பதில்லை. வீட்டின் பின்வாசலிலும் அது பிறக்கலாம். எல்லாரும் பார்த்துப் பழகிய ஒன்றை, ஒருவர் பெயர் வைத்து, எண்ணி, எழுதி வைக்கும்போது அது அறிவாக மாறுகிறது.

இரண்டாவது, விலங்குகளிடம் உள்ளதை அறிவது ஒன்று. அதை மனிதருக்கு விதியாக்குவது வேறு. கோழிகளின் கொத்தும் வரிசை, சண்டையைக் குறைக்க அவை கண்ட வழி. பள்ளியில் நடக்கும் பகடிவதையோ சண்டையைக் குறைப்பதில்லை. ஒருவரின் மனத்தை நாள்தோறும் காயப்படுத்துகிறது. கடைசிக் கோழிக்காக மற்றொரு கோழி வழிவிட்டு நிற்பதை எபே எழுதிய வரிசையில் காண முடியாது. தீனித் தொட்டியை இன்னோர் இடத்திலும் வைக்க வேண்டும் என்று எண்ணியவர் மனிதர்தான். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையின் ஓரத்தில் தனியாக அமர்ந்திருக்கும் மாணவரின் அருகே சென்று அமர்வதும் அதே எண்ணத்தின் தொடர்ச்சியே.

இன்று மாலை, காப்பாரில் ஏதேனும் ஒரு வீட்டின் பின்புறம் கோழிகளுக்குத் தீனி போடப்படும். ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அருகில் அமர்ந்து பாருங்கள். நொய்யரிசியை முதலில் தின்னும் கோழியை எல்லாரும் பார்ப்பார்கள். ஓரத்தில் காத்திருக்கும் அந்த வெள்ளைப் பெட்டையையும் மறவாமல் குறித்து வையுங்கள். அதற்கெனக் கைப்பிடி நொய்யரிசியைத் தனியே ஒதுக்கி வைப்பது, அதைக் கவனித்தவரால் மட்டுமே முடியும்.